அந்தப் பள்ளத்துக்கு இங்கிலீஷில் என்ன பேர்?

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு, இப்போது நில அளவைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்திருந்தாள். பழைய இங்கிலீஷ் அறிக்கைகளை எல்லாம் தமிழாக்கம் செய்யச் சொல்லியிருக்கிறார்களாம். செல்போன் சொன்ன மொழிபெயர்ப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அம்மா, இங்கிலீஷ்ல வேலின்னு போட்டாலும் பள்ளத்தாக்குங்குது. ரவீன்னு போட்டாலும் பள்ளத்தாக்குங்குது. கார்ஜ், கிளென், டேல், எதைப் போட்டாலும் அதே பதில்தான். எல்லாம் ஒண்ணுதானாம்மா? அப்ப எதுக்கு இத்தனை சொல்லு வச்சிருக்காங்க?"

"ஒண்ணு இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். மேடையில் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். முழுப் பதிலையும் எழுதித் தருகிறேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இது.

எங்கள் வீடு விருதுநகரில். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்ததும், ஐம்பதுகளின் கடைசியில் சாத்தூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். வேலையைப் பழகிக்கொள்ள ஒரு வருஷம் பிடித்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்பன் தாளைத் தலைகீழாக வைக்கக் கூடாது, ஆபீசர் கையெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் மேஜைக்கு வந்த கோப்புகளில் பாதி, தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசுக் கம்பெனிகளும் லைசென்ஸ் கேட்டு அனுப்பியவை. எங்கே ஷெட் போடுவது, வெடிமருந்து வைக்கும் அறையை எங்கே கட்டுவது, பக்கத்தில் ரோடு எவ்வளவு தூரம், வீடு எவ்வளவு தூரம் என்று ஒரு வரைபடமும் ஓர் அறிக்கையும் போகும். மருந்து அறையை எல்லாரும் மேகசின் என்பார்கள். முடிவு செய்கிற அதிகாரி மெட்ராஸில் இருந்தார். அவர் இந்தக் கரிசல்காட்டுக்கு வந்து பார்ப்பது அபூர்வம். நாங்கள் எழுதி அனுப்புகிற இங்கிலீஷ்தான் அவருக்குக் கண்.

இதை அந்த அலுவலகத்தில் முழுக்க உணர்ந்திருந்தவர் ஒருவர்தான். தலைமை சர்வேயர் சங்கரலிங்கம் சார். ஒல்லியான மனிதர். கதர் ஜிப்பா, கறுப்புக் குடை, வெயிலில் அலைந்து அலைந்து சுருங்கிப்போன கண். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பான அறிக்கை வந்தால் அதை எழுதினவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். அந்த வரியின் மேல் விரலை வைப்பார். "போய்ப் பாத்தீகளா?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால், "பாத்ததைத் தமிழ்ல சொல்லுங்க, கேப்போம்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் எழுதினவருக்கே தெரிந்துவிடும், தமிழில் தான் சொன்னது ஒன்று, இங்கிலீஷில் எழுதியது இன்னொன்று என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். பாராட்டும் கிடையாது. நான் அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க, "நல்லா அடிச்சிருக்கீகம்மா" என்று அவர் சொன்னதில்லை. அது எனக்குக் குறையாகத்தான் இருந்தது.

இளவயதில் மேற்கு மலைப் பக்கம் சர்வே வேலையில் இருந்தவர். அங்கே வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழே வேலை பார்த்துத்தான் இந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் மனதில் அவை அகராதி அர்த்தமாக இல்லை. உடம்பால் சோதித்துப் பார்க்கும் கேள்விகளாக இருந்தன. ஒருநாள் நான் ஓர் அறிக்கையில் இருந்த சொல்லைப் பற்றிக் கேட்டபோது, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"வேலின்னா அதுக்குள்ள ஊர் இருக்கலாம், வயக்காடு இருக்கலாம். ரெண்டு பக்கமும் மலை இருக்கணும். உள்ள குடியிருக்கவனுக்குத் தான் பள்ளத்துல இருக்கோம்னே தோணாது. கார்ஜ் அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் பாறை செங்குத்தா நிக்கும், அடியில தண்ணி ஓடும். அண்ணாந்து பாத்தா வானம் ஒரு துண்டுதான் தெரியும். வண்டி எறங்காது."

"ரவீன் சார்?"

"அது கார்ஜை விடச் சின்னது. தண்ணி அறுத்த பள்ளந்தான், ஆனா ஆழம், கரை செங்குத்து. எறங்கிரலாம், ஏறும்போது கையை ஊணித்தான் ஏறணும். உள்ள நின்னா வெளிய இருக்க ஒண்ணும் நம்ம கண்ணுக்குத் தெரியக் கூடாது. கல்லிங்கறது இன்னும் சின்னது. மழை அறுத்துவிட்ட வாய்க்கா. ஆடு தாவிரும். அடுத்த மழைக்குப் போய்ப் பாத்தா வேற மாதிரி கெடக்கும்."

"கிளென், டேல் எல்லாம்?"

"அதெல்லாம் அவுக ஊர்ப் பேச்சு. மலைமேல பங்களா கட்டுனவுக வீட்டுக்குப் பேரா வச்சுக்கிட்டாக. நம்ம பக்கம் அதுக்கு வேலை இல்ல. கேன்யன் ராட்சசப் பள்ளத்தாக்கு, அதுக்கு நம்ம ஜில்லாவே பத்தாது."

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். பிறகொரு நாள் பஸ்ஸில் போகும்போது அவராகவே காரணத்தைச் சொன்னார். மலையில் வேலை பார்த்தபோது, பழைய வரைபடம் ஒன்றில் யாரோ வேலி என்று எழுதியிருந்தார்களாம். அகலமான இடம்தானே என்று சாமான் சுமக்கிற ஆட்களை அந்த வழியே அனுப்பினார்கள். உள்ளே போனால் அது கார்ஜ். மேலே எங்கேயோ மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை. "நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன். அவுக குரல் கேட்டுச்சு. பெறகு கேக்கல" என்றார். அதற்குப் பிறகு சாத்தூர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாமே இப்படிக் கனமான விஷயமாக இருந்ததில்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்காக ஆற்றங்கரையில் ஒரு நிழற்கொட்டகை போட, குத்தகைக்காரர் ஒருவர் மனுக் கொடுத்தார். இங்கிலீஷ் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று ஆற்றுப் பள்ளத்தைக் கார்ஜ் என்று எழுதிவிட்டார். அந்தச் சமயம் சார் விடுப்பில் இருந்ததால் அது அப்படியே மேலே போய்விட்டது. மெட்ராஸிலிருந்து கேள்வி வந்தது: பக்தர்கள் செங்குத்தான பாறைச் சுவரில் எப்படி இறங்குகிறார்கள், கயிறு கட்டப்பட்டுள்ளதா? ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தீச்சட்டி எடுத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து, மாட்டுவண்டியோடு இறங்குகிற மணல் ஆறு அது. சாரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அந்த ஆபீசர் மேல தப்பில்ல. நாம எழுதுனதை அவரு நம்புறாரு" என்றார்.

ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சிற்றூர்க் கோப்பு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில்.

பொன்னுச்சாமி என்பவர் புதிதாகப் பட்டாசுக் கம்பெனி தொடங்கியிருந்தார். விவசாயக் குடும்பம். மழை பொய்த்துப்போய் நிலத்தை நம்ப முடியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஊர்க்காரர்களுக்கே வேலை கொடுத்தார். தீபாவளி சீசனுக்கு ஆர்டர் வாங்கி வைத்திருந்தார். மேகசினுக்கு லைசென்ஸ் வந்தால்தான் மருந்து வாங்கலாம், வேலையைத் தொடங்கலாம். அவருடைய நிலத்தில் மேகசின் கட்டத் தோதான இடத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே போதுமான தூரம் இல்லை. ஆனால் விதியில் ஒரு சலுகை உண்டு. மேகசினைச் சுற்றி மண்மேடோ இயற்கையான மறைப்போ இருந்தால் பாதித் தூரம் போதும். வெடித்தாலும் அதன் வேகம் பக்கவாட்டில் போகாமல் மேலே போய்விடும் என்பது கணக்கு.

மதுரையில் யாரோ எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில், மேகசின் ஓர் ஆழமான ரவீனுக்குள் அமைகிறது என்று இருந்தது. எங்களுக்குக் கீழே இருந்த அலுவலர்கள் அதையே தங்கள் குறிப்பிலும் எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் அடித்து முடித்த தாளைச் சார் கையில் எடுத்தார். ரவீன் என்ற இடத்தில் விரல் நின்றது.

"கரிசல் மண்ணுல ரவீனா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு நீங்களும் வாங்கம்மா. அடிக்கிறவுகளும் பாக்கணும்" என்றார்.

பஸ்ஸில் போய் இறங்கி, மிச்ச தூரம் நடந்தோம். சாரும் நானும், அளவுச் சங்கிலி பிடிக்கிற மாடசாமியும். வழியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் ஊசி போட வந்த நர்ஸ் என்று நினைத்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. அங்கே எஸ்தர் டீச்சர் மட்டும்தான். வெயிலில் நடந்து வந்த என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் முகம் கழுவ வைத்து, மோர் கொடுத்தார். வெளியூர் வேலைக்கு வந்த பெண்ணுக்கு என்னென்ன தேவைப்படும் என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தோன்றியதில்லை, சார் உட்பட. டீச்சருக்குச் சொல்லாமலே தெரிந்தது.

பொன்னுச்சாமி இடத்தைக் காட்ட வந்தார். நல்ல மனிதர். விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சார் விளக்க முயன்றார். "இது வேலியும் இல்ல, ரவீனும் இல்ல போலத் தெரியுதே" என்றதும் அவர், "வேலிதானே சார், போட்ருவோம். முள்ளு வேலி வேணுமா, கம்பி வேலி வேணுமா?" என்றார். மாடசாமி வாயைப் பொத்திக்கொண்டார். சார் சிரிக்கவில்லை. அந்த இங்கிலீஷ் வேலி வேறு என்று பொறுமையாகச் சொன்னார்.

பள்ளம் என்னவோ இருந்தது. கரிசல் வெடித்து, மழைத்தண்ணீர் ஓடி ஓடி அறுத்த ஓடை. சார் அதில் இறங்கினார், கையை ஊன்றாமல் மறுபக்கம் ஏறினார். திரும்ப இறங்கினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லத்தாய் என்ற பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த ஓடை எப்பவும் இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

"எங்க சார். போன ஐப்பசியில அங்கன கெடந்துச்சு. இப்ப இங்கன வந்திருச்சு. ஒரு மழை அடிச்சா மண்ணு வந்து மூடிக்கிரும்" என்றாள்.

பிறகு சார் மாடசாமியை மேகசின் வரவிருந்த இடத்தில், பள்ளத்தின் அடியில், நிற்கச் சொன்னார். எங்களைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிவந்தார். படியில் என்னை நிறுத்தினார்.

"என்னம்மா தெரியுது?"

"மாடசாமியோட தலைப்பாகை சார். முகம் கூடத் தெரியுது."

எங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் ஜன்னலில் ஏறிக்கொண்டு மாடசாமியைப் பார்த்துக் கையை ஆட்டின. அவரும் பள்ளத்துக்குள் நின்றபடி கையை ஆட்டினார்.

"நம்ம கண்ணுக்கு அவன் தெரிஞ்சா, வெடிக்கும்போது அதுக்கும் நம்மளைத் தெரியும்" என்றார் சார். "இது கல்லி. அப்படியே எழுதிக்கங்க."

பொன்னுச்சாமியின் முகம் செத்துவிட்டது. "சார், ரவீன்னே இருக்கட்டும் சார். சீசன் போயிருச்சுன்னா எந்திரிக்க மாட்டேன்" என்றார். அதற்குள் ஊர்ச் சனம் கூடிவிட்டது. வேலையை நம்பியிருந்தவர்கள் அவர்கள்தான். செல்லத்தாய்தான் முதலில் கேட்டாள்: "பள்ளத்தைப் பள்ளம்னு எழுதுறதுக்கு எதுக்கு சார் இம்புட்டு ஓசனை? எங்க அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சாரும் அதை மறுக்கவில்லை. "எரியணும்மா. அதுக்கு ஒரு வழி பண்ணித்தான் எழுதப்போறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் அவர் அந்த அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இது கல்லி, ஆழம் குறைவு, கரை தளர்ந்த மண், மழைக்கு இடம் மாறும், பள்ளிக்கூட வாசலிலிருந்து உள்ளே நிற்கும் ஆளின் முகம் தெரிகிறது, ஆகவே இது மறைப்பு ஆகாது. அதோடு நிறுத்தவில்லை. மேகசினை ஓடையை விட்டு மேட்டுக்கு நகர்த்தி, நான்கு பக்கமும் கூரை உயரத்துக்கு மேலே மண்மேடு எழுப்பினால் லைசென்ஸ் தரலாம் என்று தன் பொறுப்பில் எழுதினார். மேட்டின் சரிவு எப்படி இருக்க வேண்டும், புல் எப்படிப் பதிக்க வேண்டும், வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று வரைபடமும் போட்டார்.

எங்கள் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"சங்கரலிங்கம், ரவீனுக்கும் கல்லிக்கும் வித்தியாசம் மெட்ராஸ்ல யாருக்குய்யா தெரியப்போகுது?"

"தெரியாதுங்கிறதாலதான் சார் நாம சரியா எழுதணும்."

"மேல இருந்து எனக்கு நெருக்கடி இருக்கு."

"நீங்க வேணும்னா அடிச்சிட்டு எழுதுங்க சார். நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன். அம்புட்டுத்தான்."

மேலதிகாரி கெட்டவர் இல்லை. அறிக்கை அப்படியே போனது.

மெட்ராஸ் சாரின் யோசனையை ஏற்றது. ஆனால் உத்தரவு வரவும் மேடு எழுப்பவும் அந்த சீசன் கைவிட்டுப் போயிற்று. ஆர்டர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போயின. ஊர்ப் பெண்கள் சிலர் பஸ் ஏறி வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று சாரைத் திட்டினார்கள். அவர் வெளியே வந்து, வெயிலில் நின்று, முழுவதையும் கேட்டார். அந்த மண்மேட்டுக்கு மண் சுமக்கிற வேலையையாவது அதே பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லி, பொன்னுச்சாமியிடம் அவர் போய்க் கேட்டுக்கொண்டார் என்பது எனக்குப் பிற்பாடு மாடசாமி சொல்லித்தான் தெரியும். மண்ணைச் சுமந்து கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, புல் பதித்தவர்கள் அவர்களே. மறு சீசனில் கம்பெனி ஓட ஆரம்பித்தது.

அதற்கும் ரெண்டு வருஷம் கழித்து, கோடை மழை இடியோடு இறங்கிய ஒரு பகலில், அந்த மேகசினில் மின்னல் விழுந்தது.

செய்தி எங்களுக்கு மறுநாள் காலையில்தான் வந்தது. அதுவும் அரைகுறையாக. மேகசின் போய்விட்டது, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம், இவ்வளவுதான். யாரைக் கேட்டும் மேற்கொண்டு தெரியவில்லை. சார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் கேட்காமலே எழுந்தேன். இறங்கி நடக்கும்போது அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஊர் எல்லையிலேயே பொன்னுச்சாமி நின்றார். சாரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். மழை என்று வேலையாட்களை முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தாராம். காவலாளிக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று, உயிருக்கு ஒன்றுமில்லை. மேட்டின் உட்பக்கம் கருகி, பாதி சரிந்து கிடந்தது. வெளிப்பக்கம் புல் அப்படியே பச்சையாக நின்றது. கூரை துண்டு துண்டாகி வானத்துக்குப் போய்க் காட்டில் விழுந்திருந்தது. அதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சார் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மேட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.

பள்ளிக்கூடக் கூரையில் ஒரு பக்கம் ஓடுகள் சரிந்திருந்தன. அதனால் எஸ்தர் டீச்சர் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார். செல்லத்தாய் உடைந்த ஓடுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு நிமிர்ந்தாள். அன்று எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து திட்டியவர்களில் அவளும் ஒருத்தி. "வாங்க சார்" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் போனவரைச் சார் கையமர்த்தினார். "நீங்க கூப்பிடுங்க" என்றார்.

டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து சொல்லி உட்கார்ந்தது. ஒரு பேருக்கு உடனே பதில் வரவில்லை. சாரின் கை குடைப் பிடியை இறுக்கியதைப் பார்த்தேன். பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகு, மரத்தில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றது.

கடைசிப் பேர் வரைக்கும் சார் அப்படியே நின்றார். டீச்சர் பதிவேட்டை மூடிய பிறகுதான் வேப்பமரத்தின் வேரில் உட்கார்ந்தார். வேலைக்குப் போன இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.